பேட்டரி என்றொரு பீரங்கிச் சொல்

"பேட்டரியத்தான் கழட்டிட்டேனே ஐயா!"

வலக்கையை உதறிக்கொண்டே அந்த மாணவர் நம்மிடம் கூறிய முதல் வாக்கியம் இதுதான். பெருவிரல் நுனியிலும் சுட்டுவிரல் நுனியிலும் மிளகளவு கருகல். முகத்தில் வலியைவிட வியப்பே மிகுதி. மருத்துவரிடம் அழைத்துச் சென்று காட்டினோம். அஞ்சுவதற்கொன்றுமில்லை என்று களிம்பு தடவி அனுப்பிவிட்டார். ஆனால் அந்த வாக்கியம் மட்டும் நம்மை விடவில்லை. பேட்டரியைக் கழற்றிய பிறகும் அடித்தது எது?

நடந்ததைச் சற்று விரிவாகவே கூறிவிடுகிறோம். சென்ற ஆண்டு நமது கல்லூரியில் அறிவியல் கண்காட்சி நடைபெற்றது. செஞ்சியைச் சேர்ந்த இயற்பியல் மாணவர் ஒருவர் மின்காந்த விசையால் ஆணியை எறியும் சிறு கருவியொன்றைச் செய்திருந்தார். கண்ணாடிக் குழாய், அதன் மேல் சுற்றிய செம்புக் கம்பிச் சுருள், பழைய புகைப்படக் கருவிகளிலிருந்து பிரித்தெடுத்த பத்துக் கண்டன்சர்கள், இரண்டு பென்சில் பேட்டரிகள். பொத்தானை அழுத்தினால் குழாயிலிருந்து ஆணி பாய்ந்து அட்டைப்பெட்டியைத் துளைத்துவிடும். ஒவ்வொரு காட்சிப் பொருளுக்கும் தமிழில் விளக்கப் பலகை வேண்டும் என்று முதல்வர் கட்டளையிட்டிருந்ததால் அப்பணி தமிழ்த்துறையின் தலையில், அதாவது நம் தலையில், விழுந்தது. இயற்பியலோடு நமக்கிருந்த உறவு மேல்நிலை இரண்டாமாண்டோடு முறிந்துபோனது. ஆகவே கருவியை விளக்கச் சொல்லிக் கேட்கப் போனோம். போன இடத்தில்தான் இவ்விபத்து.

பலகைக்கு முதலில் 'மின்கலம்', 'மின்தேக்கி' என்று எழுதிக் கொடுத்தோம். பாடநூல் சொற்கள்தாம், பிழையில்லை. மாணவர் தயங்கியபடி, "ஐயா, ரெண்டும் ஒண்ணுன்னுதானே படிக்கிறவங்க நினைப்பாங்க?" என்றார். நியாயமான ஐயம். கலம் என்பதும் கொள்ளும். தேக்கி என்பதும் கொள்ளும். செஞ்சிக் கடைத்தெருவில் கேட்டால் மின்விசிறியில் இருப்பது 'கண்டன்சர்', கைவிளக்கில் இருப்பது 'பேட்டரி'. கிராமத்துப் பெரியவர்களுக்கோ கைவிளக்கே பேட்டரிதான். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை அறியாமலா அம்மாணவர் கருவி செய்தார்? அறிவார். எனினும் கை போன வேகத்தில் அந்த அறிவு உடன் வரவில்லை. மின்சாரம் என்றால் பேட்டரியிலிருந்து வருவது. பேட்டரி போனால் மின்சாரம் போயிற்று. இந்த எண்ணம் நம் அனைவருக்கும் சொல்லோடு சேர்ந்தே ஊறிப்போயிருக்கிறது.

அந்தச் சொல்லைத் துருவப் போய், கடைசியில் செஞ்சிக் கோட்டையிலேயே வந்து நின்றோம்!

*

செஞ்சி என்றதும் நம்மவர்க்குத் தேசிங்குராசன் கதைதான் நினைவுக்கு வரும். அவன் ஆண்டது ஓராண்டுக்கும் குறைவே. 1714-இல் ஆர்க்காட்டு சாதத்துல்லாகானோடு போரிட்டு மாண்டான். ஆனால் கோட்டையின் வரலாறு நெடியது. கோன் மரபினர் தொடங்கி நாயக்கர் வளர்த்து, 1649-இல் பீசப்பூர்ச் சுல்தானுக்கும், 1677-இல் சிவாஜிக்கும், 1698-இல் முகலாயருக்கும், 1750-இல் பிரெஞ்சுக்காரருக்கும், 1761-இல் ஆங்கிலேயருக்கும் கைமாறிய கோட்டை இது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் மதிலால் முக்கோணமாகப் பிணைத்திருக்கிறார்கள். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த மராத்தியர் கோட்டைகள் பன்னிரண்டில் தமிழகத்திலிருந்து இடம்பெற்றது இதுவொன்றே.

நமக்கு இங்கே வேண்டியவை இரண்டு முற்றுகைகள்.

முதலாவது 1690 முதல் 1698 தொடக்கம் வரை நீண்டது. சிவாஜியின் இளைய மகன் இராஜாராம் மராட்டிய மண்ணை விட்டுத் தப்பி வந்து செஞ்சியைத் தலைநகராக்கிக் கொண்டார். ஒளரங்கசீப்பின் படைத்தலைவர் சுல்பிகார்கான் கோட்டையைச் சூழ்ந்தார். ஏழாண்டுகளுக்கு மேல்! வெடிமருந்து போதாமல் சென்னைக் கோட்டை ஆங்கிலேயரிடம் கேட்டுப் பெற்ற செய்தியும் உண்டு. 1692 இறுதியில் சாந்தாஜி, தனாஜி ஆகியோரின் மராட்டியக் குதிரைப்படை பின்புறமிருந்து தாக்கவே, இழுத்துச் செல்ல இயலாத பெரும்பீரங்கிகளைச் செயலிழக்கச் செய்துவிட்டு முகலாயப் படை வந்தவாசிக்குப் பின்வாங்க நேர்ந்தது. பின்னர் மீண்டும் வந்தார்கள், மீண்டும் சூழ்ந்தார்கள். கோட்டை விழுவதற்குள் இராஜாராம் தப்பிவிட்டார். சுல்பிகார்கான் வேண்டுமென்றே காலம் கடத்தினார் என்று அக்காலத்தவரே பேசிக்கொண்டனர்.

இந்த முற்றுகையின் தொடக்க ஆண்டிலேயே ஒரு விந்தையான நில விற்பனையும் நடந்தது. பணமுடையில் இருந்த மராட்டியரிடமிருந்து கடலூரை அடுத்த தேவனாம்பட்டினக் கோட்டையை ஆங்கிலேயர் விலைக்கு வாங்கினர். பின்னாளில் செயின்ட் டேவிட் கோட்டை எனப் பெயர் பெற்றது அதுவே. கோட்டையோடு எவ்வளவு நிலம்? பீரங்கிக் குண்டு போய் விழும் தொலைவு வரை! 1690 செப்டம்பரில் நாற்புறமும் சுட்டு எல்லை குறித்தார்கள். நல்ல பீரங்கியாகப் பார்த்து, கைதேர்ந்த சுடுநரை வைத்துச் சுடும்படி சென்னையிலிருந்து முன்னரே அறிவுரை போயிருந்தது. வணிகர் அல்லவா, இருக்காதா பின்னே! அவ்வெல்லைக்குள் அகப்பட்ட ஊர்களுக்குக் 'குண்டு கிராமங்கள்' என்றே பெயர் நிலைத்தது. ஓர் எறிகருவியின் ஆற்றல் நில அளவையாகவே மாறிய வரலாறு நம் மண்ணில் இருக்கிறது.

இரண்டாவது முற்றுகையை முற்றுகை என்று சொல்வதே மிகை. 1750 செப்டம்பர் 11-ஆம் நாள் இரவு புஸ்ஸி என்னும் பிரெஞ்சுத் தளபதி சிறு படையோடு வந்தார். கதவுகளில் வெடிக்கலங்களைப் பொருத்தித் தகர்த்தார். பொழுது விடிவதற்குள் மூன்று குன்றுகளும் அவர் கையில். முகலாயரின் பெரும்படைக்கு ஏழாண்டுகள் தேவைப்பட்ட கோட்டை ஒரே இரவில் விழுந்தது. வடித்து வடித்துச் செலவிட்ட வலிமை ஒன்று. சேர்த்து வைத்து ஒரே கணத்தில் கொட்டிய வலிமை இன்னொன்று. (உள்ளேயிருந்தோரின் ஊக்கக் குறைவும் இரண்டாவதற்குத் துணைபுரிந்தது என்பதை மறைக்கலாகாது.)

*

இனிச் சொல்லுக்கு வருவோம். பிரெஞ்சு மொழியில் 'பாத்ர்' என்றால் அடித்தல். அதிலிருந்து பிறந்தது 'பாத்தெரி'. மதிலை இடித்துத் தகர்க்க வரிசையாக நிறுத்திய பீரங்கி அணிக்கு அதுவே பெயர். ஆங்கிலத்தில் 'பேட்டரி' ஆயிற்று. ஆக, நம் கைவிளக்கில் இருப்பது பெயரளவில் பீரங்கிதான்.

இப்பெயரை மின்சாரத்துக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்கரான பெஞ்சமின் பிராங்க்ளின். அவருக்குச் சில ஆண்டுகள் முன்னர், 1745-46-இல், கிளைஸ்ட் என்னும் செருமானியரும் ஒல்லாந்தின் லைடன் நகரத்து முஷன்புரூக்கும் தனித்தனியே ஓர் உண்மையைக் கண்டனர். கண்ணாடிச் சாடியின் உள்ளும் புறமும் மின்கடத்தி இருந்தால், உராய்வுப் பொறியில் உண்டாகும் மின்சாரத்தை அதில் சிறுகச் சிறுகச் சேர்த்து வைக்கலாம். தொட்டால் மொத்தமும் ஒரே கணத்தில் இறங்கும். இதுவே லைடன் சாடி. பிரெஞ்சு நாட்டில் பாதிரியார் நொல்லே 1746-இல் அரச காவலர் நூற்றெண்பது பேரைக் கைகோத்து நிற்கச் செய்து, அந்தச் சாடியை அவர்கள் வழியாக இறக்கிக் காட்டினார். அனைவரும் ஒரே நேரத்தில் துள்ளியதைக் கண்டு மன்னன் பதினைந்தாம் லூயி மகிழ்ந்தானாம். நான்கே ஆண்டுகள் கழித்து அம்மன்னன் பெயரால்தான் புஸ்ஸி செஞ்சியைப் பிடித்தார்.

பிராங்க்ளின் 1749 ஏப்ரலில் இலண்டன் நண்பர் காலின்சனுக்கு எழுதிய மடலில், பதினொரு கண்ணாடிப் பலகைகளை ஈயத் தகடுகளுக்கு இடையே நிறுத்தி ஒன்றோடொன்று இணைத்த அமைப்பொன்றை விவரித்து, அதற்கு 'மின் பேட்டரி' என்று பெயரிட்டார். பீரங்கிகளை வரிசையாக நிறுத்தி ஒருங்கே சுடுவது போலக் கண்ணாடிகளை வரிசையாக நிறுத்தி ஒருங்கே இறக்குவது. பொருத்தமான உவமை. ஆனால் கவனியுங்கள்: அவர் பேட்டரி என்றழைத்தது இன்று நாம் கண்டன்சர் என்றும் மின்தேக்கி என்றும் அழைக்கும் பொருளை!

1750 டிசம்பர் 23-ஆம் நாள், செஞ்சி விழுந்த அதே ஆண்டில், பிராங்க்ளின் இரண்டு பெரிய சாடிகளில் சேர்த்த மின்சாரத்தைக் கொண்டு வான்கோழியைக் கொல்ல முற்பட்டார். கவனம் சிதறியதில் அடி அவருக்கே விழுந்தது. உடம்பு முழுவதும் நடுங்கிற்று என்றும், அதன் வெளிச்சத்தையோ ஓசையையோ தாம் உணரவேயில்லை என்றும் எழுதினார். இத்தகைய பிழையைத் தாம் செய்துவிட்டதற்கு வெட்கப்பட்டார். நம் செஞ்சி மாணவரின் முகம் நமக்கு நினைவு வந்தது.

சொல் இடம்பெயர்ந்தது 1800-க்குப் பிறகு. அவ்வாண்டு இத்தாலியரான வோல்டா, வெள்ளியும் துத்தநாகமுமாகத் தட்டுகளை அடுக்கி, இடையிடையே உப்புநீரில் நனைத்த அட்டைகளை வைத்து, இடைவிடாது மின்சாரம் தரும் அடுக்கொன்றை உருவாக்கினார். அந்த அடுக்குக்குப் பேட்டரி என்ற பெயர் போய் ஒட்டிக்கொண்டது. சாடி வகைகளுக்கு, வோல்டாவே 1782-இல் வேறொரு கருவிக்குச் சூட்டியிருந்த 'கண்டன்சர்' வழக்காயிற்று. ஒரே கணத்தில் வெடிப்பதைக் குறித்த சொல் மெல்ல மெல்லச் சுரப்பதைக் குறிக்கலாயிற்று. பீரங்கியின் பெயர் ஊற்றுக்குப் போய்விட்டது. "பேட்டரியைத்தான் கழற்றிவிட்டேனே" என்ற வாக்கியத்தில் இருநூறு ஆண்டுப் பெயர் மாற்றம் ஒன்று ஒளிந்திருக்கிறது.

*

கருவியின் இயக்கத்தை மாணவர் நமக்கு விளக்கியபடியே தருகிறோம். பிழையிருப்பின் அது நம்முடையது.

ஒரு பென்சில் பேட்டரியில் பத்தாயிரம் ஜூலுக்கு மேல் ஆற்றல் உண்டு. ஆனால் அதை அவசரப்படுத்த முடியாது. உள்ளே நிகழ்வது வேதிவினை. அது தன் நடையில்தான் நடக்கும். கண்டன்சரில் வேதிவினை கிடையாது. இரு தகடுகளுக்கு இடையே ஏற்றத்தாழ்வாக நிறுத்திய மின்னூட்டம் மட்டுமே. வழி கிடைத்தால் ஆயிரத்தில் ஓரிரு பங்கு நொடியில் முழுவதும் இறங்கிவிடும். கொள்ளளவோ மிகச் சிறிது. 330 வோல்ட் அழுத்தத்தில் 120 மைக்ரோ ஃபாரட் கண்டன்சர் ஒன்று தாங்குவது ஏறத்தாழ ஆறரை ஜூல். பத்தும் சேர்ந்து 65 ஜூல்.

ஆக, ஏரியும் குடமும். ஏரியில் நீர் ஏராளம், ஆனால் மதகின் அளவுக்குத்தான் வரும். குடத்தில் நீர் கொஞ்சம், ஆனால் ஒரே வீச்சில் கவிழ்க்கலாம். இரண்டு பென்சில் பேட்டரியின் மூன்று வோல்ட்டை ஒரு சிறு மின்சுற்று முந்நூற்று முப்பதாக உயர்த்திக் குடத்தை நிரப்புகிறது. பழைய புகைப்படக் கருவியில் மின்னல் விளக்குக்கு முன் 'கீ' என்று மெல்லிய ஒலி எழுமே, அது இந்த நிரப்பும் ஒலிதான். நிரம்பியதும் பொத்தான். 65 ஜூல் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நொடியிலன்று, இரண்டு மில்லி நொடியில் இறங்குகிறது என்றே வைத்துக்கொள்வோம். அந்தச் சிறுபொழுதில் அதன் வேகம் முப்பது கிலோவாட்டுக்கு மேல். அதாவது ஐந்து குதிரைத்திறன் கிணற்று மோட்டார்கள் எட்டு ஒருசேர ஓடுவதற்குச் சமம்!

சுருளில் பாயும் மின்சாரம் காந்தமாகி ஆணியை உள்ளிழுக்கிறது. ஆணி சுருளின் நடுவை அடைவதற்குள் மின்சாரம் நின்றுவிட வேண்டும். நில்லாவிடில் அதே காந்தம் ஆணியைப் பின்னுக்கு இழுக்கும். கண்டன்சர் இங்கு இன்றியமையாததாவதற்கு இதுவும் ஒரு காரணம்: சட்டெனக் கொடுப்பதோடு சட்டெனத் தீர்ந்தும் போகிறது. இத்தனையும் செய்து ஆணிக்குப் போய்ச் சேர்வது நூற்றில் இரண்டு பங்குதான் என்றார் மாணவர். மீதமெல்லாம் கம்பியில் வெப்பம். ஐந்து கிராம் ஆணி நொடிக்கு இருபத்திரண்டு மீட்டர் வேகத்தில் போகும். கவண்வில் வைத்திருக்கும் சிறுவன் இதைவிட நன்றாகவே அடிப்பான். அமெரிக்காவில் 2021-இல் தோளில் வைத்துச் சுடும் அளவில் இவ்வகைக் கருவியொன்று விற்பனைக்கு வந்தது. அதுவும் பேட்டரியும் கண்டன்சர் அடுக்கும் கொண்டதே. சுமார் ஒன்பது கிலோ எடை. வேகம் நொடிக்கு எழுபத்தைந்து மீட்டர் அளவில்தான்.

வெடிமருந்தோடு ஒப்பிட்டால் இதன் சிறுமை விளங்கும். கரிமருந்து ஒரு கிலோவில் ஏறத்தாழ முப்பது இலட்சம் ஜூல். அதுவும் தானே ஏரி, தானே குடம். வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றும் ஒரே கலவையில் இருப்பதால் தேக்குவதற்கு ஒன்று, கொட்டுவதற்கு ஒன்று என்று இரு கருவிகள் வேண்டியதில்லை. பழவேற்காட்டில் டச்சுக்காரர் பதினேழாம் நூற்றாண்டிலேயே வெடிமருந்து ஆலை வைத்திருந்தார்கள் என்றால், இச்சரக்கின் தேவை எத்தகையது என்று பார்த்துக்கொள்ளலாம்.

பின் எதற்கு மின்சாரப் பீரங்கி? வெடிவாயு விரியும் வேகத்துக்கு ஓர் எல்லையுண்டு. குண்டும் அதை மீறிப் பெரிதும் விரைய முடியாது. மின்காந்த விசைக்கு அவ்வெல்லை இல்லை. இந்த ஆசையில் முதலில் இறங்கியவர்களுள் நார்வே நாட்டு இயற்பியலாளர் பிர்க்கலான் ஒருவர். 1901-இல் காப்புரிமை பெற்றார். 1903 தொடக்கத்தில் பல்கலைக்கழக மண்டபத்தில் பெரியோர் பலர் முன்னிலையில் பொத்தானை அழுத்தினார். குண்டு பாயவில்லை, குறுக்குச் சுற்றாகிப் பேரொலியோடு மின்வில் எரிந்தது. அவையினர் சிதறி ஓடினர். பீரங்கி வணிகம் அன்றோடு முடிந்தது. ஆனால் அந்த மின்வில்லின் வெப்பத்தில் காற்றிலுள்ள நைட்ரஜனை உருக்குலைத்து உப்பாக்கலாம் என்ற வழி பிறந்தது. பொறியாளர் சாம் ஐடுடன் சேர்ந்து அவர் வகுத்த அம்முறையை நம்பி 1905-இல் நார்ஸ்க் ஹைட்ரோ நிறுவனம் எழுந்தது. 'நார்வே வெடியுப்பு' என்ற பெயரில் உரம் வந்தது. வெடியுப்பை ஒழிக்க வந்த பீரங்கி வெடியுப்பையே ஈன்றது!

அதன் பின்னான கதையைச் சுருக்கமாகவே சொல்லலாம். கான்பெராவிலுள்ள ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் 1970-களில் பெருஞ்சுழலி ஒன்றை மெல்லச் சுழற்றி ஆற்றல் சேர்த்து, மூன்று கிராம் பொருளை நொடிக்கு ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர் வேகத்தில் எறிந்தார்கள். அமெரிக்கக் கடற்படை 2010 டிசம்பரில் 33 மெகாஜூல் அளவில் சுட்டுக் காட்டியது. 2021-இல் அத்திட்டத்தை நிறுத்திக்கொண்டது. மின்சாரம் பாயும் தண்டவாளங்கள் சில சூடுகளிலேயே அரிக்கப்பட்டன என்பது பெருங்குறை. ஜப்பான் 2023-இல் கப்பலிலிருந்து சுட்டது. இந்தியாவில் புனே நகரத்துப் படைக்கல ஆராய்ச்சி நிறுவனம் 12 மில்லிமீட்டர் சதுரத் துளையுடைய கருவியைச் சோதித்து, அடுத்து 30 மில்லிமீட்டருக்கு ஆயத்தமாவதாக 2017-இல் செய்திகள் வெளியாயின. ஒரு கிலோ குண்டை நொடிக்கு இரண்டு கிலோமீட்டருக்கு மேல் செலுத்துவது நோக்கம். அதற்குப் பத்து மெகாஜூல் கண்டன்சர் தொகுதி. கண்டன்சரே இதில் பெரும்பாரம். கருவியைச் சிறிதாக்குவது என்றால் இந்த அடுக்கைச் சிறிதாக்குவதுதான்.

அழகப்பச் செட்டியார் முந்நூறு ஏக்கர் நிலமும் பதினைந்து இலட்சம் ரூபாயும் வழங்க, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் இராதாகிருஷ்ணன் திறந்து வைத்த காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தில் பேட்டரிகளும் மீமின்தேக்கிகளும் ஆராயப்படுகின்றன. மீமின்தேக்கி ஏரிக்கும் குடத்துக்கும் இடைப்பட்ட தொட்டி எனலாம். ஒன்றின் அழுத்தம் மூன்று வோல்ட்டைத் தாண்டாது என்பதால் ஆணி எறிய நேரடியாக உதவாது என்று மாணவர் உதட்டைப் பிதுக்கினார்.

*

கண்காட்சிக்கு முந்தைய ஞாயிறன்று அம்மாணவரும் அவர் நண்பர் மூவருமாக ராஜகிரி ஏறினோம். நமக்கு வயது நாற்பதைக் கடந்துவிட்டபடியால் மூன்று இடங்களில் உட்கார வேண்டியிருந்தது. உச்சிக்குச் சற்று முன்னே குன்றைப் பிளக்கும் ஆழ்ந்த பள்ளமும் அதன் மேல் பாலமும். பாலத்தை நீக்கிவிட்டால் ஒருசிலர் நின்று ஒரு படையைத் தடுக்கலாம். உச்சியில் பீரங்கி ஒன்று வெயிலில் கிடக்கிறது. மாணவர் அதன் வாயில் கைவைத்துப் பார்த்துவிட்டு விளிம்புக்குப் போய்த் தாளில் கணக்குப் போடலானார்.

குன்றின் உயரம் சுமார் எண்ணூறு அடி, 240 மீட்டர். ஒரு கிலோ கல்லை இங்கே தூக்கி வந்து வைத்தால் அதனுள் தேங்கும் ஆற்றல் 2350 ஜூல். "என் பத்துக் கண்டன்சரும் சேர்ந்து இந்தக் கல்லை இருபது அடிதான் ஐயா தூக்கும்" என்றார். சுமந்து ஏற்ற ஒரு மணி நேரம். உருட்டிவிட்டால் சில நொடி. கூலியாளின் தோள் பேட்டரி, குன்று கண்டன்சர். நாணேற்றிய வில்லும் அவ்வாறே. மதுரை மதிலில் இருந்த தானே வளைந்து எய்யும் வில்லையும் கல்லெறியும் பொறியையும் சிலப்பதிகாரத்து அடைக்கலக் காதை பட்டியலிடுகிறது என்று நம் பங்குக்கு நாமும் சொல்லி வைத்தோம். அவர் கேட்டுக்கொண்டார்; ஆனால் அவருடைய கவலை வேறாயிருந்தது.

"கண்காட்சிக்குச் சின்னப் பசங்க வருவாங்களே ஐயா. எனக்கு அடிச்சப்ப அது பாதிகூட நிரம்பல. ஒரு கையில இந்த விரல்லேருந்து அந்த விரலுக்குப் போயிடுச்சு. ரெண்டு கையாலயும் தொட்டிருந்தா நெஞ்சு வழியாத்தானே போயிருக்கும்?"

நாம் விடை கூறவில்லை. கருவியைக் காட்சியிலிருந்து எடுத்துவிடலாம் என்று முதலில் நினைத்தது உண்மை. பிறகு அவரே வழி கண்டார். கண்டன்சர்களுக்குக் குறுக்கே ஒரு மின்தடையை நிரந்தரமாக இணைத்தார். பொத்தானை அழுத்தாமல் விட்டாலும் தேங்கியது தானே வடிந்துவிடும். மேலே கண்ணாடிப் பேழை. பக்கத்தில் எஞ்சியிருக்கும் அழுத்தத்தைக் காட்டும் வோல்ட்மானி. நிரப்பும் கீச்சொலியோடு முள் ஏறுவதையும், சுட்டதும் படுப்பதையும், சுடாமல் விட்டால் மெல்ல இறங்குவதையும் பிள்ளைகள் ஆணியைவிட ஆவலாகப் பார்த்தார்கள்.

பலகையை மூன்று முறை மாற்றி எழுதினோம். மின்கலம், மின்தேக்கி இரண்டையும் நீக்காமல் அடியில் தெருச்சொற்களையும் சேர்த்தோம். கடைசி வரி மட்டும் மாணவர் சொன்னது, அதில் நாம் ஓர் எழுத்தையும் திருத்தவில்லை: "பேட்டரியைக் கழற்றினாலும் கண்டன்சர் கடிக்கும், முள் சுழிக்கு வரும்வரை தொடாதே."